குடவோலை முதல் வாக்குச்சீட்டு வரை
(தஞ்சை மண்ணில் உள்ளாட்சித் தேர்தல்கள்)

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (கணிதம்)

முன்னுரை

நாடாளுமன்றத் தேர்தல் என்றால் நாடே பேசுகிறது. சட்டமன்றத் தேர்தல் என்றால் தேநீர்க் கடைதோறும் விவாதம் நடக்கிறது. ஆனால் நம் தெருவில் விளக்கு எரிவதற்கும், குழாயில் தண்ணீர் வருவதற்கும், சாக்கடை அடைபடாமல் ஓடுவதற்கும் பொறுப்பான உள்ளாட்சி மன்றங்களின் தேர்தல் வரலாற்றை நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? அரசியல் பாடம் படிக்கும் நண்பர்களுக்கு இது தேர்வுக்குரிய ஒரு வினா. அறிவியல் மாணவர்களாகிய நமக்கோ இது பாடத்திட்டத்திற்கு வெளியே நிற்கும் செய்தி. எனினும் வாக்குரிமை பாடப்பிரிவு பார்த்து வருவதில்லை. பதினெட்டு வயது நிரம்பிய எல்லோருக்கும் அது உண்டு. ஆகவே, காவிரி பாயும் இத்தஞ்சை மண்ணில் உள்ளாட்சித் தேர்தல் எவ்வாறு தோன்றி வளர்ந்தது, எங்கெங்கே தடைப்பட்டது என்பதைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓலையும் குடமும்

உள்ளாட்சி பற்றி எழுதப் புகுவோர் அனைவரும் உத்தரமேரூரில் தொடங்குவது மரபு. அக்கல்வெட்டுகளைப் பொறிக்கச் செய்த ஆட்சி, தஞ்சையைத் தலைநகராகக் கொண்ட சோழன் முதலாம் பராந்தகனுடையது. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அவ்விரு கல்வெட்டுகளும் தேர்தல் விதிகளை வரிசையாகக் கூறுகின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. குடும்பு என்பதை இன்றைய வார்டு எனக் கொள்ளலாம். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஏதுமறியாச் சிறுவன் ஒருவனை விட்டு ஓர் ஓலையை எடுக்கச் செய்தனர். இவ்வாறு கிடைத்த முப்பது பேரில் பன்னிருவர் சம்வத்சர வாரியத்திற்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்திற்கும், அறுவர் ஏரி வாரியத்திற்கும் அனுப்பப்பட்டனர். பன்னிரண்டும் பன்னிரண்டும் ஆறும் சேர்ந்து முப்பது. கணக்கு நேராக வருகிறது.

விதிகளுள் இரண்டு இன்றும் வியப்பூட்டுகின்றன. முந்தைய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர் மீண்டும் வரக்கூடாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மட்டுமின்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் வரக்கூடாது. பதவியில் ஒட்டிக்கொள்வதையும் கணக்கை மறைப்பதையும் ஓராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர் குற்றமாகக் கருதினர் என்பது பெருமைக்குரியதே.

ஆயினும் பெருமையோடு நின்றுவிடுவது ஆராய்ச்சி ஆகாது. 921ஆம் ஆண்டு விதிப்படி, கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும். வேதம் அறிந்திருக்க வேண்டும். அதாவது அது பிரமதேய ஊரின் சபை. அந்நிலத்தில் நாற்று நட்டவருக்கும் கதிர் அறுத்தவருக்கும் அக்குடத்தில் ஓலை கிடையாது. பெண்களுக்கும் கிடையாது. மேலும் அது வாக்களிப்பு அன்று, குலுக்கல். பத்துப் பேரில் எவர் சிறந்தவர் என்று ஊரார் தீர்மானிக்கவில்லை. தகுதியுள்ள பத்துப் பேருக்கும் சமமான வாய்ப்பு அளிக்கப்பட்டது. கணித மொழியில் சொன்னால் ஒவ்வொருவருக்கும் நிகழ்தகவு பத்தில் ஒன்று. பணத்தாலோ பேச்சாலோ அதைக் கூட்ட முடியாது என்பது அம்முறையின் சிறப்பு. ஊரார் விருப்பத்தாலும் கூட்ட முடியாது என்பது அதன் குறை. சங்க இலக்கியமாகிய அகநானூற்றின் 77ஆம் பாடலிலேயே குடத்திலிருந்து ஓலை எடுக்கும் வழக்கம் உவமையாக வருவதால், இம்முறை சோழர்க்கும் முற்பட்டது எனத் தெரிகிறது.

நியமனம் செய்த காலம்

மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி 1855இல் ஆண் வாரிசின்றி மறைந்தபின், தஞ்சைக் கோட்டையும் ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. பதினோரு ஆண்டுகள் கழித்து, 1865ஆம் ஆண்டு நகர மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ், 1866இல் தஞ்சாவூர், கும்பகோணம் முதலிய ஊர்கள் நகராட்சிகளாயின. ஆனால் அந்நகராட்சிகளின் உறுப்பினர்களை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. அரசே நியமித்தது. கலெக்டரின் கைக்குள் அடங்கிய மன்றமாகவே அது இருந்தது. வரி கொடுப்பது மக்கள், செலவைத் தீர்மானிப்பது அதிகாரிகள் என்பதே அன்றைய நிலை.

இதை மாற்ற முயன்றவர் வைஸ்ராய் ரிப்பன் பிரபு. 1882ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் அவர் வெளியிட்ட தீர்மானம் உள்ளாட்சியின் சாசனம் எனப் போற்றப்படுகிறது. உள்ளாட்சி மன்றங்களில் மூன்றில் இரு பங்கினரேனும் அதிகாரிகள் அல்லாதோராக இருக்க வேண்டும் என்றார் அவர். நிருவாகம் உடனே சீர்ப்பட்டுவிடும் என்று அவர் வாதிடவில்லை. மக்கள் அரசியல் பயில உள்ளாட்சி ஒரு பள்ளியாக அமையும், அதற்காகச் சில தவறுகளையும் பொறுத்துக்கொள்ளலாம் என்பதே அவர் வாதம். சென்னை மாநகராட்சியின் வெண்ணிற மாளிகை அவர் பெயரைத் தாங்கி நிற்பதன் காரணம் இதுவே.

ரிப்பனுக்கு முன்மாதிரியாக இருந்தவை அவர் நாட்டின் பரோ மன்றங்கள். இங்கிலாந்தில் 1835ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டம், வரி செலுத்துவோர் தேர்ந்தெடுக்கும் மன்றங்களைப் பல பரோக்களில் அமைத்தது. இன்றும் அங்குள்ள மன்றங்கள் பலவற்றில் ஒரு விந்தையான வழக்கம் உண்டு. மன்றம் முழுவதையும் ஒரே நாளில் தேர்ந்தெடுப்பதில்லை. நான்காண்டுகளில் மூன்று ஆண்டுகள், ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்குத் தேர்தல் நடத்துகிறார்கள். ஆகவே தேர்தல் என்பது அங்கே ஆண்டுதோறும் வரும் ஊர்த் திருவிழா போன்றது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. போர் முடிந்ததும் 1945இலேயே மீண்டும் நடத்தப்பட்டது. இச்செய்தியை நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகிறேன். பின்னர் இது பயன்படும்.

ஜில்லா போர்டுக் காலம்

ரிப்பன் தீர்மானத்தை அடுத்து, சென்னை மாகாணத்தில் 1884இல் நகராட்சிகளுக்கு ஒரு சட்டமும் உள்ளாட்சிக் கழகங்களுக்கு ஒரு சட்டமும் வந்தன. மாவட்டத்திற்கு ஜில்லா போர்டு, வட்டத்திற்குத் தாலுகா போர்டு, பெரிய கிராமங்களுக்கு யூனியன் என மூன்றடுக்கு ஏற்பட்டது. தஞ்சை ஜில்லா போர்டு செய்த ஒரு காரியம் இந்தியாவிலேயே புதுமையானது. மாவட்டத்து நிலவுடைமையாளரிடம் தனி வரி வசூலித்து, அப்பணத்தில் தனக்கென ஓர் இரயில் பாதை அமைத்தது. மாயவரத்திலிருந்து திருவாரூர் வழியே முத்துப்பேட்டை வரை 1894இல் வண்டி ஓடியது; பின்னர் அப்பாதை பட்டுக்கோட்டை, அறந்தாங்கி வரை நீண்டது. இன்று அவ்வழியே பயணம் செய்யும் நம்மில் பலருக்கும், அது நெல் விளைந்த வயல்களின் வரிப்பணத்தில் ஓர் உள்ளாட்சி மன்றம் போட்ட பாதை என்பது தெரிந்திராது.

1920ஆம் ஆண்டுச் சட்டங்கள் தேர்தலின் எல்லையை விரித்தன. நீதிக்கட்சி ஆட்சியிலிருந்த காலம் அது. தஞ்சை நகராட்சித் தலைவராக 1918 முதல் 1920 வரை இருந்த ஏ.டி. பன்னீர்செல்வம், 1924 முதல் 1930 வரை ஜில்லா போர்டின் தலைவராக இருந்தார். வடமொழி மட்டுமே கற்பிக்கப்பட்ட திருவையாற்றுக் கல்லூரியில் தமிழும் கற்பிக்க வழி பிறந்தது அவர் தலைமைக் காலத்தில்தான். கரந்தைத் தமிழ்ச் சங்கத்தை வளர்த்த த.வே. உமாமகேசுவரனார் தஞ்சைத் தாலுகா போர்டின் தலைவராக இருந்து, கிராமங்களில் பல தொடக்கப் பள்ளிகளைத் திறந்தார். தேர்தல் வழியாக யார் மன்றத்திற்குள் நுழைகிறார்கள் என்பது, அடுத்த தலைமுறையில் யார் பள்ளிக்குள் நுழைவார்கள் என்பதையும் முடிவு செய்கிறது. இதற்கு இவ்விருவர் வரலாறே சான்று.

எனினும் அக்காலத்தும் வாக்கு என்பது வரி கட்டியவர்க்கே உரியது. தஞ்சை வட்டாரத்தில் நிலம் மிராசுதாரரிடமும், மடங்களிடமும், கோயில்களிடமும் குவிந்திருந்தது. பண்ணையில் உழைத்தோர் பெயர் வாக்காளர் பட்டியலில் ஏற வழியில்லை. என் கொள்ளுத்தாத்தா அப்படி உழைத்தவர்களுள் ஒருவர். அவர் கரையில் நின்று வெட்டிய வாய்க்காலைப் பற்றி மன்றத்தில் வாதம் நடந்திருக்கலாம்; அதில் அவருக்குக் குரல் இல்லை. இது தனியொரு குடும்பத்தின் கதையன்று. இக்கல்லூரியில் முதல் பட்டதாரிகளாக வந்திருக்கும் நம்மில் பலருடைய முன்னோர் கதையும் இதுவே.

எல்லார்க்கும் ஒரு வாக்கு

நாடு விடுதலை பெற்று அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் இந்நிலை மாறியது. 1950ஆம் ஆண்டு கிராமப் பஞ்சாயத்துச் சட்டமும் 1958ஆம் ஆண்டு பஞ்சாயத்துச் சட்டமும் வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை என்ற அடிப்படையில் அமைந்தன. பல்வந்த்ராய் மேத்தா குழு 1957இல் அளித்த பரிந்துரையை ஒட்டி, காமராசர் ஆட்சியில் பஞ்சாயத்து யூனியன்கள் தோன்றின. ஜில்லா போர்டுகள் மறைந்தன. மிராசுதாரருக்கும் ஒரு வாக்கு, அவர் வயலில் களை பறித்த அம்மாளுக்கும் ஒரு வாக்கு. சட்டத்தில் இது ஒரு வரி. ஊரில் இது ஒரு புரட்சி.

ஆனால் சட்டத்தின் சமத்துவம் களத்துமேட்டிற்கு எளிதில் வந்து சேரவில்லை. கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் ஒரே குடிசையில் எரித்துக் கொல்லப்பட்டனர். அன்று அவ்வூர் ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டத்தில் இருந்தது. வாக்குச்சீட்டு கையில் இருந்தும் உயிருக்குக் காப்பு இல்லாத காலம் அது என்பதை மறந்துவிட்டுத் தேர்தல் வரலாறு எழுத முடியாது.

தேர்தல் இல்லாத ஆண்டுகள்

இனி ஒரு சிறு கணக்குப் போடுவோம். 1970இல் தமிழ்நாட்டில் ஊராட்சித் தேர்தல் நடந்தது. அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்று கொண்டால், 2022 வரையிலான 52 ஆண்டுகளில் பத்துத் தேர்தல்கள் நடந்திருக்க வேண்டும். நடந்தவை எத்தனை? 1986, 1996, 2001, 2006, 2011 ஆகிய ஐந்தும், ஊரகப் பகுதிகளில் 2019-லும் 2021-லும், நகரப் பகுதிகளில் 2022-லுமாகப் பிரித்து நடத்தப்பட்ட ஒன்றும் சேர்ந்து ஆறே தேர்தல்கள். பத்துக்கு ஆறு. தேர்வில் அறுபது மதிப்பெண் முதல் வகுப்பு. மக்களாட்சியில் அது தேர்ச்சி ஆகுமா என்பதை நண்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒவ்வோர் இடைவெளிக்கும் ஒரு காரணம் சொல்லப்பட்டது. 1970க்குப் பின் பதினாறு ஆண்டுகள் தேர்தல் தள்ளிப்போடப்பட்டது. 1986இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தேர்தல் நடந்தபோது, எதிர்க்கட்சியாயிருந்த தி.மு.க. நகராட்சிகளில் பெருவெற்றி பெற்றது. ஆளும் கட்சிகள் உள்ளாட்சித் தேர்தலுக்கு ஏன் தயங்குகின்றன என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை. 1991இல் அம்மன்றங்களின் காலம் முடிந்தது. மீண்டும் ஐந்தாண்டு வெற்றிடம்.

இத்தயக்கத்திற்கு மருந்தாகவே 1992இல் அரசியல் சட்டத்தின் 73, 74ஆம் திருத்தங்கள் நிறைவேறி, 1993இல் நடைமுறைக்கு வந்தன. மன்றத்தின் ஆயுள் ஐந்தாண்டு. அது முடியுமுன் அடுத்த தேர்தல் நடந்தாக வேண்டும். தேர்தலை நடத்த மாநிலத் தேர்தல் ஆணையம் தனியே வேண்டும் என அவை விதித்தன. அதன்படி 1994இல் தமிழ்நாட்டில் புதிய ஊராட்சிச் சட்டம் வந்தது. நான்கு தேர்தல்கள் ஒழுங்காக நடந்தன. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலின் அறிவிக்கையைச் சென்னை உயர்நீதிமன்றம் அக்டோபர் 4 அன்று இரத்துச் செய்தது. இடஒதுக்கீட்டு விதிகள் முறையாகப் பின்பற்றப்படவில்லை என்பது வழக்கு. குறையைத் திருத்தி உடனே தேர்தல் நடத்தியிருந்தால் அது நீதியின் வெற்றியாக இருந்திருக்கும். ஆனால் தனி அலுவலர் ஆட்சி கிராமங்களில் மூன்றாண்டுக்கு மேலும், நகரங்களில் ஐந்தாண்டுக்கு மேலும் நீடித்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாததால் மத்திய நிதி ஆணைய மானியமும் தடைப்பட்டது.

2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாள்களில், தஞ்சை உள்ளிட்ட 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தது. கிராமத்து வாக்காளர் ஒவ்வொருவரும் நான்கு வாக்குச்சீட்டுகளில் முத்திரை குத்தினர்: ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றிய உறுப்பினர், மாவட்ட ஊராட்சி உறுப்பினர் என நான்கு. அம்மன்றங்களின் காலம் 2025 ஜனவரி 5ஆம் நாளோடு முடிந்தது. மறுபடியும் தனி அலுவலர்களே பொறுப்பேற்றனர். உலகப் போர் காரணமாகத் தேர்தலை நிறுத்தியவர்கள், போர் முடிந்த ஆண்டே நடத்திவிட்டனர் என்று மேலே கண்டோம். நம் நாட்டிலோ உலகப் போர் ஏதும் இல்லாமலே பதினாறு ஆண்டுகள் கழிந்தன.

தனி அலுவலர்கள் திறமையற்றவர்கள் என்று நான் கூறவில்லை. அவர்களுள் நேர்மையும் உழைப்பும் மிக்கோர் பலர். ஆனால் மடை அடைத்துக்கொண்டால் நள்ளிரவில் அவர் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. ஐந்தாண்டு கழித்து அவரிடம் கணக்குக் கேட்டு வாக்கை மறுக்கவும் முடியாது. உத்தரமேரூர்க் கல்வெட்டு கணக்குக் காட்டாதவனை விலக்கியது. விலக்கும் அதிகாரமே மக்களிடம் இல்லாத ஆட்சியை உள்ளாட்சி என்பது எப்படி?

ஒதுக்கீடு திறந்த கதவு

1994ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகை விகிதப்படியும், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கும் இடங்களை ஒதுக்கியது. தலைவர் பதவிகளுக்கும் இது பொருந்தும். 2016இல் பெண்களின் பங்கு சரிபாதியாக உயர்ந்தது. இக்கதவு எளிதில் திறக்கவில்லை. மதுரை மாவட்டம் மேலவளவில் தனி ஊராட்சியின் தலைவராக வென்ற முருகேசன், 1997 ஜூன் 30 அன்று மேலும் ஐவரோடு வெட்டிக் கொல்லப்பட்டார். அதே மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி முதலிய ஊர்களில், தனித்தொகுதி என்பதற்காகவே பத்தாண்டுகள் தேர்தல் முடக்கப்பட்டு, 2006இல்தான் முறையாக நடந்தது.

இவ்வளவு விலை கொடுத்துப் பெற்றதன் பயன் என்ன என்று சிலர் கேட்கலாம். ஒரு காலத்தில் வரப்பில் எதிர்ப்பட்டால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று ஊராட்சித் தலைவர் நாற்காலியில் அமர்ந்து காசோலையில் கையெழுத்திடுகிறார்கள். கையெழுத்து ஒருவருடையது, முடிவு இன்னொருவருடையது என்ற நிலை சில ஊர்களில் உண்டு என்பது உண்மையே. அதற்கும் மருந்து அடுத்த தேர்தல்தான், தேர்தலை நிறுத்துவதன்று.

மேயரைத் தேர்ந்தெடுப்பது யார்?

தஞ்சாவூர் 2014இல் மாநகராட்சி ஆயிற்று. கும்பகோணம் 2021இல் ஆயிற்று. 2022 பிப்ரவரி 19 அன்று தஞ்சையின் 51 வார்டுகளுக்கும் கும்பகோணத்தின் 48 வார்டுகளுக்கும் தேர்தல் நடந்தது. மார்ச் 4 அன்று உறுப்பினர்கள் கூடித் தஞ்சைக்குத் தி.மு.க.வின் சண். இராமநாதனை மேயராகத் தேர்ந்தெடுத்தனர். கும்பகோணத்தில் தி.மு.க. பெரும்பான்மை பெற்றிருந்தும், கூட்டணி உடன்பாட்டின்படி அப்பதவி காங்கிரசுக்கு விடப்பட்டது. ஆட்டோ ஓட்டுநரான க. சரவணன் அந்நகரின் முதல் மேயரானார். கால் வேலி நிலம் கேட்ட குடவோலையிலிருந்து நாம் எவ்வளவு தொலைவு வந்திருக்கிறோம் என்பதற்கு இதுவே அளவுகோல்.

மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பதா, உறுப்பினர் வழியாகவா என்பது தமிழ்நாட்டில் அடிக்கடி மாறி வந்துள்ளது. 1996, 2001இல் நேரடித் தேர்தல். 2006இல் மறைமுகத் தேர்தல். 2011இல் மீண்டும் நேரடி. 2022இல் மீண்டும் மறைமுகம். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கில் பார்ப்போம். 51 வார்டுகள், வார்டுக்கு 1,000 வாக்குகள், இரண்டே கட்சிகள் எனக் கற்பனை செய்வோம். ஒரு கட்சி 26 வார்டுகளில் 501 வாக்குகள் வீதம் பெற்று வென்று, மற்ற 25 வார்டுகளில் ஒரு வாக்கும் பெறவில்லை என்க. அது பெற்ற மொத்த வாக்கு 13,026. பதிவான 51,000 வாக்குகளில் இது ஏறத்தாழ 25.5 விழுக்காடு. பாதியில் பாதி, அதாவது கால் பங்கிற்குச் சற்றே மிகுதியான வாக்கு, மேயரையே தந்துவிடுகிறது! நேரடித் தேர்தலில் இருமுனைப் போட்டி என்றால் பாதிக்கு மேல் வேண்டும்.

அவ்வாறாயின் நேரடித் தேர்தலே சிறந்தது எனலாமா? அதிலும் ஒரு சிக்கல் உண்டு. மேயர் ஒரு கட்சி, மன்றப் பெரும்பான்மை வேறு கட்சி என்றால், தீர்மானங்கள் நிறைவேறாமல் நகரம் தவிக்கும். எனவே இரண்டில் எது உயர்ந்தது என்பதைவிட, ஏதேனும் ஒன்றை நிலையாக வைத்துக்கொள்வதே முக்கியம் என்பது என் கருத்து. ஆட்டம் தொடங்குமுன் விதியை மாற்றுவது விளையாட்டிற்கே அழகன்று. ஆட்சிக்கு எப்படி அழகாகும்?

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, தஞ்சை மண்ணில் தேர்தல் பழமையானது. ஆனால் எல்லார்க்குமான தேர்தல் மிக இளையது. இரண்டாவது, வாக்குரிமை விரிந்த ஒவ்வொரு முறையும் பள்ளியும் பாதையும் பதவியும் புதியவர்களை எட்டின. மூன்றாவது, உரிமையைத் தருவது ஒரு சட்டம். அதை உயிரோடு வைப்பது உரிய நாளில் நடக்கும் தேர்தல். முறை வைத்துத் தண்ணீர் விடும் வாய்க்காலில் ஒரு முறை தவறினாலும் கடைமடை வயல்தான் முதலில் காயும். உள்ளாட்சித் தேர்தல் தவறும்போதும் முதலில் வாடுவோர் கடைக்கோடித் தெருவில் வாழ்வோரே.

உள்ளாட்சியில் வாக்களிக்க 18 வயது. போட்டியிட 21 வயது. இவ்விதழைப் படிக்கும் நம்மில் பலர் முதல் படியைக் கடந்து, இரண்டாம் படியின் வாயிலில் நிற்கிறோம். அடுத்த தேர்தல் எப்போது எனக் கேட்கவும், கிராமசபைக் கூட்டத்தில் எழுந்து நின்று கணக்குக் கேட்கவும் பட்டம் தேவையில்லை. ஆனால் பட்டம் பெறுவோர் அதைச் செய்யாவிட்டால் படித்ததன் பொருள் குறைந்துவிடும். ரிப்பன் கருதிய அந்தப் பள்ளியில் நாமும் சேர்வோம். அதில் விடுமுறை விடாதிருக்குமாறு ஆட்சியாளர்களை வற்புறுத்துவோம்.